மரத்தின் நோயை மோப்பத்தால் அறியும் நாய்கள்

மனிதனுக்கு நோய் வருமாயின் ஜ்வரமோ வலியோ அதனைப் பெரும்பாலும் முன்னதாகவே அறிவித்துவிடும். வாயில்லாத மரத்திற்கு அவ்விதமான உதவி இல்லை. நோய் கொண்ட மரம் பச்சைப் பசேலென்று நிற்கும், தளிர்க்கும், பூக்கும், காய்க்கவும் செய்யும். அதன் உள்ளேயோ கிருமி குடிபுகுந்து தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். இலையில் மஞ்சள் கண்டு தோட்டக்காரர் கவலைப்படத் தொடங்கும் தினத்தில், அந்த ஒரு மரத்தினின்று அடுத்த மரங்களுக்கும், அடுத்தவர் தோட்டங்களுக்கும் வியாதி சென்று பல மாதங்கள் கழிந்திருக்கும். அதன் பின்னர் செய்யும் முயற்சிகள் வெள்ளம் வந்த பிறகு அணை கோலுவதற்கு ஒப்பாகும்.

இவ்வாறு மறைந்து நிற்கும் வியாதியை, கண்ணுக்குத் தெரியுமுன்பே கண்டறிய, பழக்கப்பட்ட நாயின் மோப்பசக்தி உதவுமா என்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் முறையாகப் பரீட்சை செய்து பார்த்திருக்கிறார்கள். அதன் முடிவுகள் 2020-ம் ஆண்டில் அந்நாட்டு விஞ்ஞான அகாடமியின் சஞ்சிகையில் வெளிவந்தன. பழத்தோட்டம் வைத்திருப்போருக்கும், கிராமத்தில் பயிர் நலத்தைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும் அவற்றிலிருந்து கற்க வேண்டியது அதிகம் இருப்பதால், விஷயத்தை முதலிலிருந்து விளக்கிக் கூறுவோம்.

வியாதியின் இயல்பு

கமலா, சாத்துக்குடி, எலுமிச்சை, நாரத்தை முதலிய கிச்சிலி வர்க்க மரங்களுக்கு உலகெங்கும் பெருஞ் சத்துருவாய் விளங்குவது ‘கிரீனிங்’ என்னும் வியாதி. சீனர்கள் இதனை ‘ஹுவாங்லாங்பிங்’ என்பர். மஞ்சள் தளிர் வியாதி என்பது அதன் பொருள். தென் சீனத்தில் இது நெடுங்காலமாக அறியப்பட்டதாயினும், மண்ணின் குறையால் வருவதென்றும், நீர் தேங்குவதால் வருவதென்றும் பலரும் பலவிதமாக எண்ணி வந்தனர். ஒட்டுக் கட்டுவதன் மூலம் நோயுள்ள மரத்தினின்று நல்ல மரத்திற்கு இது தொற்றுகின்றது என்பதை லின் குங்சியாங் என்னும் சீன விஞ்ஞானி 1956-ம் ஆண்டில் எடுத்துக் காட்டினார்.

இதனை உண்டாக்குவது ஒருவகை பாக்டீரியாக் கிருமி. அது மரத்தின் பட்டைக்குள், இலைகளில் தயாரான உணவு மற்றப் பாகங்களுக்குச் செல்லும் நுண்குழாய்களில் வசிக்கிறது. அக்குழாய்கள் அடைபடுவதால் இலையில் மாவுப்பொருள் தேங்குகிறது. வேர்கள் பட்டினியால் அழிகின்றன. பழம் சிறுத்து, ஒருபுறம் கோணலாகி, அடிப்பாகம் பழுக்காமல் பச்சையாகவே நின்றுவிடுகிறது. கிரீனிங், அதாவது பசுமையாதல், என்ற பெயர் வந்த காரணம் இதுவே. சாறு கசக்கிறது, விதைகள் சூம்பிப்போகின்றன, காய்கள் முதிருமுன் உதிர்கின்றன.

மரத்திற்கு மரம் இக்கிருமியைச் சுமந்து செல்லும் தூதன், ஸில்லா என்னும் சிறு பூச்சி. வளர்ந்த பூச்சி 3 அல்லது 4 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். தலையைத் தாழ்த்தி, பின்புறத்தை உயர்த்திச் சாய்வாக உட்கார்ந்திருப்பது அதன் அடையாளம். இளந் தளிர்களிலேதான் அது முட்டையிடும். முட்டையினின்று வரும் குஞ்சுகள் தளிரின் சாற்றை உறிஞ்சும்போதே கிருமியையும் ஏற்றுக்கொள்கின்றன. பிறகு சிறகு முளைத்துப் பறந்து செல்லும் இடமெல்லாம் அதைப் பரப்புகின்றன. இப்பூச்சி நமது நாட்டிற்குப் புதியதன்று. பஞ்சாபில் அது செய்த சேதத்தைப் பற்றி ஹுஸேன், நாத் என்னும் இருவர் 1927-ம் ஆண்டிலேயே விரிவாக எழுதியிருக்கின்றனர். இந்தியாவில் கிரீனிங் வியாதியைப் பரப்புவது இப்பூச்சியே என்பது 1967-ம் ஆண்டில் நிரூபிக்கப்பட்டது. நம் வீட்டுக் கொல்லையிலுள்ள கறிவேப்பிலைச் செடியிலும் இது முட்டையிட்டுப் பெருகும்.

வியாதி கொண்ட மரத்தினின்று கிருமியை அடியோடு போக்கி, அதனைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து எதுவும் இல்லை. பிளாரிடாவில் 2022-ம் ஆண்டு முதல் அடிமரத்தில் ஆக்ஸிடெட்ராஸைக்ளின் என்னும் மருந்தை ஊசி மூலம் ஏற்றும் முறை அனுமதிக்கப்பட்டது. அது கிருமியின் வேகத்தைத் தணிக்குமேயன்றி வியாதியை வேரோடு களையாது.

பிளாரிடா கண்ட நஷ்டம்

இவ்வியாதியை அலட்சியம் செய்தால் வரும் விளைவுக்குப் பிளாரிடா மாகாணத்தின் கதையே போதிய சாட்சி. ஸில்லா பூச்சி அங்கே 1998-ம் ஆண்டில் காணப்பட்டது. வியாதி 2005-ம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன்பு, 2003-04-ம் பருவத்தில், அம்மாகாணம் விளைவித்த ஆரஞ்சுப் பழம் 24.2 கோடி பெட்டிகள். ஒரு பெட்டி 90 பவுண்டு எடையுள்ளது. 2022-23-ம் பருவத்தில் விளைந்ததோ சுமார் 1.58 கோடி பெட்டிகளே. இடையில் அடித்த புயல்களுக்கும், தோட்டங்கள் வீட்டு மனைகளாக மாறியதற்கும் இந்த வீழ்ச்சியில் பங்குண்டு. ஆயினும் முதற் காரணம் கிரீனிங் வியாதி என்பதில் ஐயமில்லை. தலைமுறை தலைமுறையாகப் பழத்தோட்டம் நடத்திய குடும்பங்கள் பல அத்தொழிலை விட்டு நீங்கின.

பிளாரிடாவில் பணமில்லாமலோ, ஆராய்ச்சி சாலை இல்லாமலோ இந்த நஷ்டம் வரவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அங்கே இரண்டும் தாராளமாக இருந்தன. இல்லாதது காலம். வியாதி கண்டுபிடிக்கப்பட்டபோதே அது பரவி வெகுதூரம் சென்றிருந்தது.

கண்ணும் சோதனைச் சாலையும் தவறும் இடம்

வியாதியைக் கண்டறிய இரண்டு வழிகள் உண்டு. முதலாவது கண்ணால் பார்ப்பது. நோயுள்ள இலையில் மஞ்சள் திட்டுகள் நடு நரம்பின் இருபுறமும் ஒன்றுபோல் இராமல், தாறுமாறாக அமைந்திருக்கும். துத்தநாகச் சத்துக் குறைவினால் வரும் மஞ்சளோ இருபுறமும் ஏறக்குறைய ஒரே மாதிரியாக இருக்கும். இவ்வேற்றுமையை அறிந்த கண் சிறந்த கருவிதான். ஆனால் கிருமி புகுந்து இலையில் அடையாளம் தோன்றுவதற்குப் பல மாதங்கள் ஆகும். பெரிய மரமாயின் வருஷங்களும் ஆகும். ஆகையால் கண் எப்போதும் தாமதமாகவே செய்தி சொல்லும்.

இரண்டாவது வழி, இலையைப் பறித்துச் சோதனைச் சாலைக்கு அனுப்பி, பி.ஸி.ஆர். என்னும் முறையால் கிருமியின் மரபுப் பொருளைப் பன்மடங்கு பெருக்கிப் பார்ப்பது. முறை மிக நுட்பமானது; குற்றம் அதனிடத்தில் இல்லை. கிருமியானது மரம் முழுவதும் சமமாகப் பரவியிராமல், ஆரம்பத்தில் ஒரு கிளையில் இருந்து மறு கிளையில் இல்லாமல் இருக்கும். ஆயிரக்கணக்கான இலைகளுள் நாம் பறித்தனுப்பிய சில இலைகளில் கிருமி இல்லையாயின், நோயுள்ள மரத்திற்கும் ‘நோயில்லை’ என்றே பதில் வரும். களஞ்சியத்தின் ஒரு மூலையில் பூச்சி விழுந்திருக்க, மற்றொரு மூலையினின்று ஒரு பிடி நெல்லை எடுத்துப் பார்த்துத் திருப்தி கொள்வது போன்றது இது.

நாயின் மூக்கு

நாய்க்கு இந்தச் சங்கடம் இல்லை. அது இலையைப் பொறுக்கிப் பார்ப்பதில்லை. மரத்தைச் சூழ்ந்துள்ள காற்றை முகர்கின்றது. அக்காற்றில் மரத்தின் எல்லாப் பாகங்களினின்றும் வெளிப்படும் வாசனைகள் கலந்திருக்கின்றன.

மனிதன் மூக்கில் வாசனையை உணரும் நுண்ணுறுப்புகள் சுமார் 50 லட்சம் இருக்குமென்றும், நாய்க்கு அவை 20 கோடிக்கும் மேற்படுமென்றும் மதிப்பிடுகின்றனர். மேலும் நாய் மூச்சை வெளிவிடும்போது அக்காற்று மூக்கின் பக்கத்துப் பிளவுகளின் வழியாக விலகிச் செல்வதால், உள்ளே வரும் புதிய வாசனையை அது கலைப்பதில்லை. ஒரு விநாடிக்குப் பல தடவை முகரும் சக்தியும் அதற்கு உண்டு. திருடனைத் தொடரவும், வெடிமருந்தைக் கண்டுபிடிக்கவும் போலீஸாரும் இராணுவத்தாரும் இச்சக்தியை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருவதை நேயர்கள் அறிவர். கிருமியும் உயிருள்ள பொருளாதலின் அதற்கும் உரிய வாசனை இருக்கும் என்பதே இந்த ஆராய்ச்சியின் அடிப்படை.

பயிற்சி முறை

பயிற்சியில் மந்திரம் எதுவுமில்லை. நோயுள்ளதென்று நிச்சயமாகத் தெரிந்த மரத்தையும், நோயற்றதென்று நிச்சயமாகத் தெரிந்த மரங்களையும் கலந்து வைத்து, நாயை அவற்றினூடே அழைத்துச் செல்லுகிறார்கள். நோயுள்ள மரத்தை அது முகர்ந்தவுடன் அதற்குப் பிரியமான விளையாட்டுப் பந்தோ தின்பண்டமோ கொடுக்கப்படுகிறது. நாளடைவில் அந்த வாசனைக்கும் வெகுமதிக்கும் உள்ள சம்பந்தத்தை நாய் உணர்ந்துகொள்ளும். பின்னர் அவ்வாசனை கண்டவிடத்து அசையாமல் உட்கார்ந்து அறிவிக்கும்படி பழக்குகின்றனர். பழகிய நாய் தோட்டத்தின் வரிசையில் சென்று ஒவ்வொரு மரத்திற்கும் சில விநாடிகளே செலவிடும்.

எளிதாகத் தோன்றும் இக்காரியத்தில் எச்சரிக்கைகள் பல வேண்டும். நோயுள்ள மரங்களெல்லாம் ஒரே நாற்றங்காலினின்றோ, ஒரே மாதிரித் தொட்டிகளிலோ வந்திருந்தால், நாய் நோயைக் கற்பதற்குப் பதிலாக நாற்றங்கால் மண்ணையோ தொட்டியையோ கற்றுக்கொள்ளும். ஆகையால் பற்பல இடங்களினின்றும், பற்பல ஜாதிகளிலும், பற்பல வயதுகளிலும் மரங்களைச் சேர்க்க வேண்டும். கடும் வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும் நாய் நன்றாக முகராது. குளிர்ந்த வேளைகளே வேலைக்கு உகந்தவை.

எல்லாவற்றினும் முக்கியமானது, நாயை நடத்துபவனைப் பற்றிய எச்சரிக்கை. ஜெர்மனியில் பெர்லின் நகரத்தில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ஹான்ஸ்’ என்ற ஒரு குதிரை கணக்குப் போடுவதாகப் பெரும் புகழ் பெற்றது. கேள்வி கேட்டால் விடையாகிய எண்ணைக் குளம்பால் தட்டிக் காட்டும். ஆஸ்கார் புங்ஸ்ட் என்பவர் 1907-ம் ஆண்டில் இதனை ஆராய்ந்தபோது, கேள்வி கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை என்பது வெளியாயிற்று. சரியான எண் வந்தவுடன், கேட்பவர் தம்மை அறியாமலே தலையிலும் முகத்திலும் காட்டிய சிறு அசைவைக் கண்டு குதிரை தட்டுவதை நிறுத்தி வந்தது. எசமானன் ஏமாற்றவில்லை, அவரே ஏமாந்திருந்தார். நாய்க்கும் இது பொருந்தும். எந்த மரத்தில் நோய் என்பது நடத்துபவனுக்குத் தெரிந்திருந்தால், அவன் நடையின் தயக்கமே நாய்க்கு விடையாகிவிடும். ஆதலின் அவனுக்கும் தெரியாதபடி மரங்களை வைத்துச் செய்த பரீட்சையே பரீட்சையாகும்.

பரீட்சையின் முடிவுகள்

அமெரிக்க விவசாய இலாகாவின் ஆராய்ச்சியாளரான டிமதி காட்வால்டும் அவரது கூட்டாளிகளும் 10 நாய்களை இவ்விதம் சோதித்தனர். நோயுள்ள மரங்களில் 100-க்கு சுமார் 86 மரங்களை நாய்கள் சரியாகக் காட்டின. நோயற்ற மரங்களில் 1,000-க்கு சுமார் 996 மரங்களைச் சரியாகவே விட்டுச் சென்றன. எஞ்சிய 4 மரங்களில் மட்டும் தவறாக உட்கார்ந்தன.

இதனினும் முக்கியமானது காலத்தைப் பற்றிய முடிவு. மரங்களுக்கு நோயைத் தொற்றச் செய்து தொடர்ந்து கவனித்ததில், தொற்றிய இரண்டு வாரங்களுக்குள்ளாகவே நாய்கள் அதனைக் கண்டுகொண்டன. அவற்றுள் பி.ஸி.ஆர். சோதனையால் நோய் வெளிப்படுவதற்கு மரத்திற்கு மரம் 1 மாதம் முதல் 32 மாதம் வரையில் சென்றது.

நாய்கள் அறிவது கிருமியையா, அல்லது நோயால் வாடும் மரத்தின் வாசனையையா என்ற கேள்வியும் எழுந்தது. கிச்சிலி மரங்களின் வேறு பல நோய்களைக் கொண்ட மரங்களின் முன் நாய்களை விட்டபோது, அவை அவற்றைப் பொருட்படுத்தாமல் சென்றன. கிரீனிங் வர்க்கத்துக் கிருமிகளுக்கு மாத்திரம் உட்கார்ந்தன. மேலும் அதே கிருமி ஏறிய புகையிலைச் செடி, நித்தியகல்யாணிச் செடி, கிருமியைச் சுமந்த ஸில்லா பூச்சி இவற்றையும் காட்டின. கிச்சிலியும் புகையிலையும் வாசனையில் சிறிதும் ஒத்தவை அல்லவாதலின், நாய்கள் கிருமியையே நேராக உணர்கின்றன என்று கருத இடமிருக்கிறது.

நூற்றுக்கு நூறு அல்ல

இவ்வெண்களைக் கேட்டவுடன் நாய் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று கொள்ளலாகாது. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

1,000 மரங்களுள்ள தோட்டத்தில் 20 மரங்களுக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேற்சொன்ன விகிதப்படி நாய் அவற்றுள் 17 மரங்களைக் காட்டும். 3 மரங்களைத் தவறவிடும். நல்ல மரங்கள் 980-ல் சுமார் 4 மரங்களில் தவறாக உட்காரும். காட்டப்பட்ட 21 மரங்களுள் 17 உண்மையாகவே நோயுள்ளவை. இது நம்பத்தக்க சாட்சியே.

இனி, அதே தோட்டத்தில் 2 மரங்களுக்கு மட்டுமே நோய் என்று கொள்வோம். நாய் அவ்விரண்டையும் காட்டினாலும், நல்ல மரங்களிலும் 4-ஐத் தவறாகக் காட்டும். காட்டப்பட்ட 6 மரங்களுள் 4 குற்றமற்றவை. நோயே இல்லாத தோட்டத்திலும் 4 மரங்களில் நாய் உட்காரக்கூடும்.

நாய் ஒன்றே, அதன் மூக்கும் ஒன்றே, ஆனால் அதன் சொல்லுக்குள்ள மதிப்பு தோட்டத்தின் நிலைமைக்குத் தக்கபடி மாறுகின்றது. நோய் அரிதாக உள்ள இடத்தில் அதன் சொல்லைச் சந்தேகத்திற்குரிய அடையாளமாகக் கொண்டு மேலும் விசாரிக்க வேண்டும். நோய் நுழைந்துவிட்ட இடத்தில் அதற்கு அதிக மதிப்புத் தரலாம். கிராமத்தில் விசாரணை நடத்திப் பழகிய அதிகாரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு சாட்சியின் வார்த்தையை வழக்கின் மற்ற விவரங்களோடு சேர்த்தே எடை போடுகிறோம் அல்லவா?

ஆப்பிரிக்காவில் எலிகள் செய்யும் உதவி

பிராணியின் மூக்குச் சுட்டிக் காட்ட, மனிதனின் கருவி உறுதி செய்ய வேண்டும் என்னும் இந்த முறைக்கு மனித வைத்தியத்திலும் ஓர் உதாரணம் உண்டு. தான்ஸானியா நாட்டில் மோரோகோரோ நகரிலுள்ள ஸோகோயின் விவசாய சர்வகலாசாலையில், பெல்ஜியத்தாரால் தொடங்கப்பட்ட ‘அபோபோ’ என்னும் சங்கத்தார் ஒருவகைப் பேரெலிகளைப் பழக்குகின்றனர். விவசாயிகளாகிய நாம் எலியை ஜன்மப் பகையாகவே அறிவோம். அங்கேயோ அது க்ஷயரோகத்தைக் கண்டுபிடிக்கும் ஊழியன்.

அத்தேசத்து வைத்தியசாலைகளில் பூதக்கண்ணாடியால் பார்க்கப்பட்ட நோயாளிகளின் கபம், சூடேற்றிக் கிருமி கொல்லப்பட்ட பிறகு, எலிகளின் முன் வரிசையாக வைக்கப்படுகிறது. க்ஷய வாசனை உள்ள இடத்தில் எலி மூக்கை எடுக்காமல் சில விநாடி நிறுத்தும். 100 மாதிரிகளைப் பார்க்க அதற்கு சுமார் 20 நிமிஷமே பிடிக்கும். வைத்தியசாலையில் ‘நோயில்லை’ என்று தள்ளப்பட்ட மாதிரியை எலி காட்டினால், அதனை மீண்டும் வேறு முறையால் சோதித்து, உறுதிப்பட்ட பின்னரே நோயாளிக்குச் செய்தி அனுப்புகிறார்கள். எலி சொன்னது என்பதற்காக ஒருவருக்கும் மருந்து கொடுப்பதில்லை. ஆயினும் எலி சுட்டிக் காட்டியிராவிடில் மறு சோதனையே நடந்திராது. இருமலோடு வீடு திரும்பிய அந்நோயாளி தம் மனைவி மக்களுக்கும் நோயைக் கொடுத்திருப்பார். இவ்விதம் தப்பிப் போக இருந்த நோயாளிகள் ஆயிரக்கணக்கானவர் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றனர்.

மரத்தை வெட்டுவதா?

இப்பொழுது தோட்டக்காரரின் மிகக் கடினமான கேள்விக்கு வருவோம். க்ஷய நோயாளிக்கு மருந்துண்டு. கிரீனிங் கண்ட மரத்திற்கு வெட்டுவதே வழி. பத்து வருஷம் நீரூற்றி வளர்த்த மரம். கிளை முறியக் காய்த்து நிற்கிறது. ஓர் இலையிலும் மஞ்சள் இல்லை. அதன் அடியில் ஒரு நாய் உட்காருகிறது. சோதனைச் சாலையோ ‘கிருமி காணவில்லை’ என்று எழுதுகிறது. இந்நிலையில் கோடரியை எடுக்க யாருக்கு மனம் வரும்?

மரத்தை விட்டுவைப்போமாயின், நாய் சொன்னது உண்மையாக இருக்கும் பட்சத்தில், சோதனைச் சாலை அதனை ஒப்புக்கொள்ளும் வரையில், ஒரு மாதமோ இரண்டு வருஷமோ, அம்மரத்தில் தளிர் வரும்போதெல்லாம் ஸில்லா பூச்சிகள் பிறந்து, கிருமியைச் சுமந்து பறந்து செல்லும். வெட்டிவிடுவோமாயின், நாய் சொன்னது தவறாக இருக்கும் பட்சத்தில், ஒரு நல்ல மரம் போகும். ஒரு பக்கம் ஒரு மரத்தின் நஷ்டம். மறு பக்கம் தோட்டத்தின் நஷ்டம். நாய்களைக் கொண்டு கண்டு உடனுக்குடன் நோய் மரங்களை அகற்றினால் பழத்தோட்டத் தொழில் நிலைத்து நிற்கக்கூடும் என்றும், கண்ணையும் சோதனைச் சாலையையும் மாத்திரம் எதிர்பார்த்திருந்தால் அவ்வாறு நிற்பது அரிது என்றும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கணிதத்தால் காட்டியிருக்கின்றனர்.

ஆயினும் பிறருடைய மரத்தை நாயின் சொல்லை மட்டும் கொண்டு வெட்டச் சொல்வது நியாயமாகாது. 2012-ம் ஆண்டில் இவ்வியாதி முதலில் காணப்பட்ட கலிபோர்னியா மாகாணத்திலும், அரசாங்கம் கட்டாயமாக மரத்தை அகற்றுவது சோதனைச் சாலையில் கிருமி உறுதிப்பட்ட பின்னரே. தன் மரத்தைத் தானே வெட்டுவது சொந்தக்காரருடைய தீர்மானம்; பிறர் மரத்தை வெட்டச் செய்வது சட்டத்தின் காரியம். அதற்குச் சட்டம் வேண்டும் சாட்சி வலிமையானதாகவே இருக்க வேண்டும்.

இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழி உண்டு. நாய் காட்டிய மரத்தைக் குறியிட்டு, முதல் நாயின் தீர்ப்பை அறியாத மற்றொருவரைக் கொண்டு இன்னொரு நாயால் பார்க்கச் செய்யலாம். சோதனைச் சாலைக்கு ஒரு கிளையிலிருந்து மாத்திரம் அன்றி, நாற்புறத்துக் கிளைகளினின்றும் இலைகளை எடுத்து அனுப்பலாம். முடிவு வரும் வரையில் அம்மரத்திலும் அதைச் சுற்றியுள்ள மரங்களிலும் ஸில்லா பூச்சி இல்லாதபடி தளிர் தோறும் காக்கலாம். மரம் இளங் கன்றாக இருப்பின் காத்திராமல் அகற்றிவிடுவதே இலாபம். கன்றின் விலை அற்பம், அது நின்று செய்யக்கூடிய தீங்கோ பெரிது.

நமது தோட்டங்களுக்குரிய பாடம்

நாயைப் பற்றிப் படித்தோம். நம்மிடம் நாய் இல்லையே என்று இதனை ஒதுக்கிவிட வேண்டாம். நாய் தருவது காலம் ஒன்றே. அக்காலத்தை வேறு வழிகளாலும் ஓரளவு சம்பாதிக்கலாம்.

முதலாவது, நோய் பெரும்பாலும் நாமே பணம் கொடுத்து வாங்கும் கன்றில் வந்து சேர்கிறது. தாய் மரம் சோதிக்கப்பட்டதா, கன்று பூச்சி புகாத வலைக்குள் வளர்ந்ததா என்று விசாரியாமல், விலை மலிவு என்பதற்காகச் சந்தையில் ஒட்டுக் கன்று வாங்குவது கூடாது.

இரண்டாவது, தளிர் விடும் காலங்களில் வாரம் ஒரு முறையேனும் தோட்டத்தின் ஓரத்து மரங்களைப் பார்வையிட வேண்டும். வெளியினின்று வரும் பூச்சி முதலில் இறங்குவது பெரும்பாலும் ஓரத்து மரங்களிலேயே. தளிரில் மஞ்சள் நிறக் குஞ்சுகளும், அவை வெளியிடும் வெண்ணிற மெழுகு நூல்களும் காணப்பட்டால் உடனே விவசாய இலாகாவினரைக் கலந்து தக்க மருந்து தெளிக்க வேண்டும். பக்கத்திலுள்ள கறிவேப்பிலைச் செடிகளையும் மறவாமல் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, இலை மஞ்சளானவுடன் உரக் குறை என்று தாமாகவே முடிவு செய்துவிடாமல், மஞ்சள் இருபுறமும் ஒத்திருக்கிறதா, தாறுமாறாக இருக்கிறதா என்று இலையைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஐயமிருந்தால் இலாகாவினருக்கு அனுப்ப வேண்டும்.

நான்காவது, எல்லாவற்றினும் பெரியது, அயலாரோடு கூடிச் செய்வது. பூச்சிக்கு வேலியும் இல்லை, பட்டாவும் இல்லை. ஒருவர் தம் தோட்டத்தில் மருந்து தெளித்து, நோய் மரத்தை வெட்டி எறிந்தாலும், அடுத்த தோட்டத்தில் கவனிப்பாரற்ற நோய் மரங்கள் நிற்குமாயின் அவர் உழைப்பு வீணாகும். கிராம அதிகாரிகள் செய்யக்கூடிய பேருதவி இவ்விடத்தில்தான் இருக்கிறது. சொந்தக்காரர் வெளியூரில் வசிப்பதால் கைவிடப்பட்ட தோட்டங்கள் எவை என்பது அவர்களுக்கு நன்கு தெரியும். அவற்றின் சொந்தக்காரருக்கு எழுதி, மரங்களைக் காக்கவோ அகற்றவோ தூண்டுவதும், தோட்டக்காரர்களை ஒன்று கூட்டி ஒரே வாரத்தில் எல்லாரும் மருந்து தெளிக்கச் செய்வதும், ஒரு வேட்டை நாய்க் கூட்டம் செய்வதற்குச் சமமான உபகாரமாகும்.

முன்னதாக அறிந்தும் வாளா இருப்பவனுக்கு நாயின் மூக்கும் பயன்படாது. அறிந்தவுடன் செயல்படுபவனுக்கோ தன் கண்ணே பெருந்துணை செய்யும். அடுத்த தளிர்ப் பருவம் வருமுன் தோட்டம் வைத்திருப்போர் ஒவ்வொருவரும் தங்கள் ஓரத்து வரிசை மரங்களை ஒரு முறை நின்று பார்ப்பார்களாக.